நாலு வருஷ ஸ்டாண்ட்அப்: என் அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. டீமில் ஆறு பேர். தினமும் காலை 9.45க்கு ஸ்டாண்ட்அப், அதாவது அவரவர் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று டீமுக்கு நின்றபடி சொல்ல வேண்டிய சின்ன மீட்டிங். வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்து, புதன்கிழமை மட்டும் ஆபீஸிலிருந்து. நாலு வருஷத்தில் குத்துமதிப்பாகத் தொள்ளாயிரம் முறை பேசியிருப்பேன். அதில் பாதி யாருக்கும் உதவாத பேச்சு என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

"யெஸ்டர்டே ஐ வொர்க்ட் ஆன் சைஸ் மாட்யூல். ஆல்மோஸ்ட் டன். நோ பிளாக்கர்ஸ்." பிளாக்கர் என்றால் வேலையை நிறுத்தும் தடை. பத்து நொடிதான். உடனே மியூட்.

இதிலிருந்த கோளாறைக் கண்டுபிடித்தது எங்கள் டீம் லீட் இல்லை, அம்மா. கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"இன்னாடா அது, தினமும் ஆல்மோஸ்ட் டன்னு சொல்லிக்கினே இருக்கியே?"

"கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்மா."

"நாலு நாளாவா?"

உண்மையில் அந்த நாலு நாளும் நான் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலைக்கு ஸ்டாக் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். ஷூ அளவில் பிரிட்டிஷ் கணக்கு வேறு, ஐரோப்பியக் கணக்கு வேறு. பிரிட்டிஷ் கணக்கில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மி.மீ. வித்தியாசம். ஐரோப்பியக் கணக்கில் 6.67 மி.மீ.தான். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சரியாகப் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஓர் அட்டவணை வைத்திருக்கும். அந்தத் தொழிற்சாலையின் அட்டவணை என்னிடம் இல்லை. மெயில் போட்டேன், பதில் இல்லை. இதைச் சொல்லாமல் 'ஆல்மோஸ்ட் டன்' என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை, அந்த ஆங்கில வாக்கியம் அவ்வளவு வழவழப்பாக வாயில் வந்தது.

மறுநாள் தமிழிலேயே சொன்னேன். "சைஸ் அட்டவணை இல்லாம திங்கக்கிழமையிலிருந்து சும்மா உக்காந்திருக்கேன். மெயிலுக்குப் பதில் வரல. அங்க யாரையாவது தெரியுமா?" டெஸ்டிங் பார்க்கும் பெண் உடனே அன்மியூட் செய்தாள். "அண்ணா, இதை முதல் நாளே சொல்லக் கூடாதா? எங்க சித்தப்பா அங்கதான் ஸ்டோர்ல இருக்காரு." மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஸ்டோர் கதவில் ஒட்டியிருந்த, ஓரம் பழுப்பேறிய அட்டவணை. மாட்யூல் அன்று சாயங்காலமே முடிந்தது.

அன்றிலிருந்து எங்கள் ஸ்டாண்ட்அப் தமிழில்தான். சித்தூரிலிருந்து வரும் தெலுங்கு நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பாதி தமிழ் பாதி தெலுங்காகப் பேசுவார். அவர் ஆங்கிலத்தில் பேசிய நாட்களைவிட இப்போதுதான் எனக்கு அவர் வேலை விளங்குகிறது.

ஸ்டாண்ட்அப்பில் நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்வியைப் பிடித்துத் தொங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்க்ரம் என்ற டீம் வேலை முறைக்கான கையேடு, ஸ்க்ரம் கைடு, அதன் 2020 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். 15 நிமிட வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் இப்போது தடையைத்தான் முதலில் சொல்கிறேன்: எது நிற்கிறது, யார் கையில் நிற்கிறது, எப்போது வேண்டும். மற்றது எல்லாம் டீமின் வேலைகளைப் பட்டியலிடும் போர்டிலேயே தெரியும், அதை வாய்விட்டு வாசிக்க வேண்டியதில்லை. மறந்துவிடாமல் இருக்க, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் முந்தைய நாள் சாயங்காலமே இரண்டு வரி எழுதி கீபோர்டுக்கு அடியில் வைத்துவிடுவேன். திங்கட்கிழமைகளில் இந்தத் தாள் இல்லையென்றால் நான் காலி.

சரி, குறை இல்லாமல் இல்லை. கரண்ட் போகும் நாளில் எல்லாரும் குரூப்பில் எழுதிப் போடுகிறோம். எழுத்தில் பழைய வியாதி திரும்பி வந்துவிடுகிறது, மறுபடியும் 'இன் ப்ராக்ரஸ்'. புதுசாகச் சேரும் பையன்கள் 'மாட்டிக்கிட்டேன்' என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்காக என் சொதப்பலை நான் முதலில் சொல்லிவிடுவது ஓரளவு வேலை செய்கிறது. எல்லாரிடமும் இல்லை.

பெரிய தொல்லை நேரம்தான். புதன்கிழமை ஆபீஸில் நிஜமாகவே நிற்கிறோம், கால் வலிக்கும், பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டிலிருந்து பேசும் நாட்களில் எல்லாரும் நாற்காலியில். லீட் கிரீன் சர்க்கிள் நெரிசலில் காருக்குள் இருந்தபடி, "அந்த எரர் என்னன்னு கொஞ்சம் விவரமா சொல்லு" என்று ஆரம்பித்தால் அரை மணி போய்விடும். "அண்ணா, அதை நாம ரெண்டு பேரும் அப்புறம் பேசிக்கலாமா?" என்று கேட்கக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆனது. பத்தில் ஏழு தடவை ஒத்துக்கொள்கிறார். மீதி மூன்று தடவை சிக்னல் விழுந்து அவரே கட் ஆகிவிடுகிறார்.