நாஸ்கார் காரில் இடம்: அப்பா கடையா, திறமையா?

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயம் நடக்கும் பிரிஸ்டல் ஓடுதளத்தில் 1982இலிருந்து தொடர்ந்து 55 பந்தயங்களுக்கு டிக்கெட் மிச்சமே இருந்ததில்லை. 2010இல் அது நின்றது. கூட்டம் குறைந்தால் ஸ்பான்சர் தயங்குவார். அப்போது அணிகளுக்குக் கையோடு பணம் கொண்டுவரும் ஓட்டுநர்தான் வேண்டும்.

ஓட்டுநர் பால் மெனார்டுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. காரின் மேல் அப்பாவின் வீட்டுச் சாமான் கடைப் பெயர்: மெனார்ட்ஸ். 2011இல் பிரிக்யார்டு 400 என்ற பந்தயத்தை வென்றார்; நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரில் அவருக்கு அந்த ஒரு வெற்றிதான்.

இன்னொரு ஓட்டுநர் ஜோஷ் பெரி வங்கி கவுண்டரில் வேலை பார்த்தவர். ஐரேசிங் என்ற கணினிப் பந்தயத்தில் அறிமுகமான நாஸ்கார் நட்சத்திரம் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், தன் அணியின் லேட் மாடல் (உள்ளூர்ப் பந்தய வகை) காரை ஓட்டக் கொடுத்தார். சின்ன ஓடுதளங்களில் பல வருடம் ஜெயித்தும், கப் தொடரில் முழு சீசன் கிடைத்தபோது வயது 33. மறுவருடமே, 2025இல், லாஸ் வேகாஸில் வெற்றி.

என் ஓட்டு பெரிக்கு. ஆனால் எல்லாருக்கும் ஒரு ஜூனியர் கிடைப்பாரா? மகனுக்குச் செலவழிக்கும் அப்பாக்களோ எப்போதும் உண்டு.