கடைச் சோதனை யார் கையில்: நகராட்சியா, மாநிலத் துறையா?

நகராட்சியில் உணவு ஆய்வாளராக இருந்தேன். 2011இல் மாநில உணவுப் பாதுகாப்புத் துறைக்கு மாற வாய்ப்பு வந்தபோது, "ஊரோடு இருக்கிற வேலையை விட்டுட்டு ஏன் போற?" என்று வீட்டில் கேட்டார்கள். போனேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. போன வாரம்கூடப் பழைய சகா ஒருவர், "நகராட்சி கையிலேயே விட்டிருந்தா தெருவுக்குத் தெரு கண்காணிப்பு இருந்திருக்கும்" என்றார்.

அவர் சொல்வதில் பாதி சரி. 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் ஊருக்குள் சாம்பிள் எடுத்தது பெரும்பாலும் உள்ளாட்சி ஆட்கள்தான். மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம், 2011 ஆகஸ்ட் 5 அன்று நடைமுறைக்கு வந்ததும் அந்த அதிகாரம் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் போனது. மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழே உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள். தர அளவுகளை நிர்ணயிப்பது டெல்லியில் இருக்கும் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்.

தெருவை அறிந்தது நகராட்சிதான், இதில் வாதமே இல்லை. எந்தத் தள்ளுவண்டி சாயங்காலம் எங்கே நிற்கும், எந்த ஓட்டலின் பின்பக்கம் சாக்கடை வழிகிறது என்பதெல்லாம் துப்புரவுப் பணியாளருக்குத் தெரியும். குடிநீர், குப்பை, சாக்கடை மூன்றும் ஒரே அலுவலகத்தில் இருந்தன. துறைக்கு வந்த பிறகு ஒரு சாக்கடை அடைப்பை எடுக்க நான் நகராட்சிக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எனக்கே சிரிப்பாக இருந்தது.

ஆனால் என் கணக்கில் தராசைச் சாய்த்தது வேறு. நகராட்சி வெறும் அதிகாரி இல்லை, வீட்டுக்காரரும்கூட. பேருந்து நிலையக் கடைகள், தினசரிச் சந்தை, ஆட்டிறைச்சிக் கூடம் எல்லாம் அதன் சொத்து. ஏலம் விட்டு வருமானம் பார்க்கிறது. சாம்பிள் எழுதும் மேசையும் வாடகை வசூலிக்கும் மேசையும் ஒரே கட்டடத்தில்.

ஒருமுறை பேருந்து நிலைய டீக்கடையில் பால் சாம்பிள் எடுத்தேன். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடி அலைந்து, பாலுக்குக் காசு கொடுத்து, மூன்று பாகமாகப் பிரித்து, கெடாமல் இருக்க ஃபார்மலின் சொட்டு விட்டு, சீல் வைத்து முடிப்பதற்குள் மேலிருந்து அழைப்பு. மிரட்டலெல்லாம் இல்லை. "தம்பி, அந்தக் கடை இப்பத்தான் நல்ல தொகைக்கு ஏலம் போயிருக்கு. பார்த்துச் செய்யுங்க." அவ்வளவுதான். சாம்பிளை அனுப்பினேன். அடுத்த சாம்பிளை அதே நிலையத்தில் எடுக்க எனக்குப் பல மாதமானது. யாரும் தடுக்கவில்லை, நானாகவே தள்ளிப்போட்டேன். ஊழலைவிட இந்தத் தயக்கம்தான் அதிகம் கெடுக்கிறது என்பது என் எண்ணம்.

புதிய ஏற்பாட்டில் சாம்பிள் நான்கு பாகம். பகுப்பாய்வாளர் பதினான்கு நாளில் அறிக்கை தர வேண்டும். கடைக்காரருக்கும் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யும் உரிமை இருக்கிறது. தரம் குறைவு என்று மட்டும் வந்தால் மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து ஐந்து லட்சம் வரை அபராதம் போடலாம். பாதுகாப்பற்றது என்று வந்தால்தான் நீதிமன்றம். பழைய சட்டத்தில் பாலில் தண்ணீர் என்றாலும் மாஜிஸ்திரேட் வாசல்தான். நான் மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் சாட்சி சொல்லச் சம்மன் துரத்திவரும். பதினான்கு நாள் பல சமயம் ஏட்டில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கோப்பு ஏலக் கட்டடத்தை விட்டு வெளியே போனதே பெரிய மாற்றம்.

இங்கிலாந்திலும் இதே விவாதம் உண்டு. 1995இல் இறைச்சிக்கூடச் சோதனையை உள்ளூர் கவுன்சில்களிடமிருந்து எடுத்து மத்தியில் ஒரே அமைப்பிடம் கொடுத்தார்கள். உணவகச் சோதனை மட்டும் கவுன்சில்களிடமே இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒப்படைக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊரிலும் அப்படிப் பிரிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சிறு கடைகளைப் பதிவு செய்யும் அதிகாரத்தை ஊராட்சி, நகராட்சி அலுவலருக்கு ஆணையர் அறிவிக்கை மூலம் கொடுக்கலாம் என்று 2011 உரிம விதிமுறைகளே சொல்கின்றன. பதிவு, தண்ணீர், கழிவு, தள்ளுவண்டிக் கணக்கு இவற்றை உள்ளாட்சி பார்க்கட்டும். சாம்பிளும் வழக்கும் துறையிடமே இருக்கட்டும். நான் வேலை பார்த்தது நகரங்களில்தான். கடைகள் சிதறிக் கிடக்கும் கிராமப் பக்கத்துக்கு இந்தப் பிரிவினை இப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

துறைக்கு வந்த பிறகு அதே பேருந்து நிலையத்தில் மறுபடி பால் சாம்பிள் எடுத்தேன். அன்றும் அழைப்பு வந்தது. இந்த முறை "சார், வணக்கம்" என்று ஆரம்பித்தார்கள்.