வி60, கலிட்டா வேவ், கிளெவர்: முதல் டிரிப்பர் எது?

சிங்கப்பூரில் வீட்டிலேயே ஸ்பெஷாலிட்டி காப்பி, அதாவது தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்த கொட்டையில் போடும் காப்பி, போட ஆசைப்பட்டு இணையக் கடைகளில் தேடினால், முதலில் கண்ணில் படுவது ஹாரியோ வி60 தான். ஜப்பானியக் கூம்பு டிரிப்பர் (பேப்பர் வைத்துத் தூள் போட்டு, வெந்நீர் ஊற்றி வடிக்கும் கருவி), பார்க்க அழகு, பிளாஸ்டிக்கில் வாங்கினால் விலையும் கம்மி. ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை. என் ஓட்டு கிளெவர் டிரிப்பருக்கு.

வி60-இன் அடியில் ஒரே ஒரு பெரிய ஓட்டை. அது தண்ணீரைத் தடுத்து நிறுத்தாது. எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது தூளின் பதத்தையும் ஊற்றுகிற கையையும் பொறுத்தது. கை ஓரத்துக்குப் போனால் தண்ணீர் தூளைத் தொடாமல் பேப்பரை ஒட்டியே வழிந்துவிடும். ஒரே இடத்தில் ஊற்றினால் நடுவில் குழி விழும், சுற்றியுள்ள தூள் அரைகுறையாக ஊறும். அப்படிப் போட்ட காப்பியில் புளிப்பும் கசப்பும் ஒன்றாக வரும். இதைச் சமாளிக்க நீண்டு வளைந்த மூக்குள்ள கெட்டில் தேவைப்படுகிறது. டிரிப்பரில் மிச்சம் பிடித்த வெள்ளி அங்கே போய்விடும். ஆனால் கை பழகியவர்களுக்கு எத்தியோப்பியக் காப்பியின் பூவாசத்தை வி60 எடுத்துக் கொடுக்கும் தெளிவு அலாதியானது.

கிளெவரின் அடியில் ஒரு வால்வு இருக்கிறது. மேசையில் வைத்தால் மூடியிருக்கும், கோப்பையின் மேல் தூக்கி வைத்தால் திறந்துகொள்ளும். தூள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய பிறகுதான் காப்பி இறங்குகிறது. காப்பிக்கடையில் துணிப்பைக்குள் தூளை ஊறவிட்டு ஊற்றுகிறார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். அதனால் எந்தக் கெட்டிலும் சரி, எப்படி ஊற்றினாலும் சரி. பேப்பரை வெந்நீரில் அலசிவிட்டு, கொதித்து அடங்கிய தண்ணீர் 250 மில்லியை முதலில் ஊற்றுங்கள். அதன்மேல் 15 கிராம் தூளைப் போட்டு ஒருமுறை கிளறி மூடுங்கள். தூளை முதலில் போட்டால் பேப்பரின் அடியில் அடைத்துக்கொண்டு இறங்க நேரமாகும். சுமார் 3 நிமிடம் கழித்துக் கோப்பையில் வைத்தால் வேலை முடிந்தது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிற வீட்டில் அந்த 3 நிமிடம் கை சும்மா இருப்பது பெரிய விஷயம்.

கலிட்டா வேவ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தட்டையான அடி, மூன்று சின்ன ஓட்டைகள், கொசுவம் வைத்த மாதிரி மடிப்புப் பேப்பர். வி60-ஐவிடப் பிழை பொறுக்கும். ஆனால் அந்தப் பேப்பருக்கு வேறெதுவும் ஈடாகாது. தீர்ந்துவிட்டால் அதையேதான் தேட வேண்டும். கிளெவருக்கு மெலிட்டா வகைச் சாதாரணப் பேப்பரே போதும்.

எந்த டிரிப்பராக இருந்தாலும், பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் கிரைண்டர். மிக்ஸியில் அடித்தால் பாதி மாவு, பாதி குருணை; மாவு கசக்கும், குருணை புளிக்கும். ‘பர்’ (தூளைச் சீராக அரைக்கும் பல் சக்கரம்) வைத்த ஒரு நல்ல கைக் கிரைண்டர் வாங்குங்கள். காப்பி புளித்தால் இன்னும் கொஞ்சம் பொடியாக அரையுங்கள், கசந்தால் கொஞ்சம் கொரகொரப்பாக.

கொட்டை விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் குறுக்கே வரும். தேக்காவில் வாங்கும் சிக்கரி கலந்த தூள் டிகாக்‌ஷனுக்கானது, பாலுக்காகவே பிறந்தது. டிரிப்பரில் போடுவது பால் இல்லாமல் குடிக்கிற, தேநீர் மாதிரி லேசான காப்பி. லேசாக வறுத்த லைட் ரோஸ்ட்டில் ஆரம்பித்தால் ‘இது என்ன புளித்தண்ணி’ என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். மீடியம் ரோஸ்ட்டில் சிக்மகளூர் அராபிகா கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் பொட்டலத்தைத் திறந்து வைக்கவே கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் எவர்ட்டன் பார்க்கில் நைலான், டிர்விட் ரோட்டில் சை செங் ஹுவாட் போன்ற கடைகளில் பால் சேர்க்காத ஃபில்டர் காப்பி கேட்டு ஒரு கோப்பை குடித்துப் பாருங்கள். அந்த ருசி பிடிக்கவில்லை என்றால் டிரிப்பரே வேண்டாம்.