சீசனுக்கு முன் ஆர்சனல்: பின்னால் கோட்டை, இடப்பக்கம் ஓட்டை

இது 2025-26 சீசன் தொடங்குவதற்கு முன் எழுதியது. இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீக்கில் தொடர்ந்து மூன்று முறை இரண்டாம் இடத்தில் முடித்த ஆர்சனல், எதை நம்பி இந்த முறை லீக்கை வெல்லும்?

தடுப்பாட்டத்தை நம்பித்தான். போன சீசனில் 38 ஆட்டங்களில் வாங்கியது 34 கோல்கள், லீக்கிலேயே குறைவு. நடுவில் நிற்கும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களில் சலிபா பந்தை நோக்கிப் பாயவே மாட்டார், எதிராளி தொடுகோட்டுப் பக்கம் ஒதுங்கும்வரை கூடவே நடந்து, கடைசியில் காலை நீட்டி எடுத்துக்கொள்வார். கப்ரியேல் அதற்கு நேர்மாறு, முட்டி மோதுவார், கார்னரில் போய்த் தலையால் கோலும் போடுவார். இவ்வளவு பொருத்தமான ஜோடி இங்கிலாந்தில் வேறு இல்லை என்பேன்.

நடுக்களமும் சரி. ரைஸ் பக்கத்தில் பின்னால் நின்று காக்க புது ஆள் சுபிமெண்டி வந்துவிட்டார், இனி ரைஸ் முன்னேறி ஓடலாம்.

அப்புறம் ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னால் நின்று கோல் அடிப்பவர். ஹாவர்ட்ஸ், ஜீசஸ் இருவரும் காயத்தில் போய், நடுக்கள ஆளான மெரினோவை முன்னால் நிறுத்திய கதை நினைவிருக்கும். இப்போது யோக்கரெஸ் வந்திருக்கிறார், போர்ச்சுகல் லீக்கில் 39 கோல் அடித்தவர், ஆனால் அங்கே கிடைத்த வெற்றிடம் இங்கே கிடைக்காது, எதிரணியின் பத்துப் பேர் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் நிற்பார்கள்.

எனக்கு உண்மையான கவலை இடது விங்தான், அதாவது இடப்பக்க ஓரத் தாக்குதல். 2022-23இல் லீக்கில் 15 கோல் போட்ட மார்டினெல்லி போன சீசனில் எட்டோடு நின்றார், ட்ரோசார்டும் எட்டுதான். எல்லாப் பந்தும் வலப்பக்கத்தில் ஆடும் சாகாவிடமே போகிறது, எதிரணி இரண்டு பேரை அவர்மேல் விட்டுவிடுகிறது. புதிதாக வாங்கிய மடுவேகேவும் வலப்பக்க ஆள்தான். வீரர்களை வாங்கி விற்கும் சந்தை மூடுவதற்குள் இடப்பக்கத்துக்கு ஓர் ஆளை வாங்கியே ஆகவேண்டும்.