வால்பாறைத் தேயிலைத் தோட்ட விடுதியில் மூன்று நாள்கள்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் நடத்தும் எனக்கு, ஏற்றுமதிக் கெடு நெருங்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைநாளாகவே கழியும் என்பதால், ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, வால்பாறையின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு விடுதியில் தங்கினேன். வழியில் வரையாடுகளைக் கண்டு வண்டியை நிறுத்தியபோதே மனம் இளகத் தொடங்கியது.

கைப்பேசிக்கு முற்றத்தின் ஒரு மூலையில் மட்டுமே சிக்னல் கிடைத்தது. முதல் நாள் அந்த மூலைக்கே பலமுறை நடந்த நான், மறுநாள் மதியம் மழைச் சத்தத்தில் மூன்று மணி நேரம் அயர்ந்து உறங்கினேன். அப்படி உறங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. யானை நடமாட்டம் இருப்பதால் மாலை ஆறு மணிக்குமேல் வெளியே விடுவதில்லை, அதுவும் நல்லதே. காலை எட்டு மணிக்குள் வெந்நீர் நின்றுவிடுவது குறை.

தொழில்முனைவோர் பொறுப்பை மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டு, குறைந்தது இரண்டு இரவுகளுக்காவது அறையைப் பதிவு செய்வது நல்லது. ஓர் இரவு போதாது.