என்கிளெக்ஸ் தேர்ச்சி 90 சதவீதமா? நர்சிங் சேரும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் வேலை அனுமதி வந்த கையோடு நர்சிங் படிக்கக் கிளம்பும் நம்மூர்ப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அரசு நடத்தும் கம்யூனிட்டி காலேஜில் செலவு குறைவு, ஆனால் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் "அடுத்த மாதமே வகுப்பு" என்று தனியார் கெரியர் காலேஜ்காரர்கள் விடாமல் போன் போடுவார்கள். நான் இரண்டு வருட அசோசியேட் டிகிரிக்குச் சேர்ந்தது அப்படி ஓர் இடத்தில்தான். பெயர் வேண்டாம்.

அட்மிஷன் ஆலோசகர் என்று ஒருவர் பேசுவார். ஆலோசனை எல்லாம் இல்லை, ஆள் பிடிப்பதுதான் வேலை. "என்கிளெக்ஸில் எங்கள் தேர்ச்சி 90 சதவீதத்துக்கு மேல்" என்றார். படிப்பு முடிந்து நர்ஸ் உரிமம் வாங்க எழுத வேண்டிய தேர்வுதான் என்கிளெக்ஸ். உரிமம் தரும் மாநில நர்சிங் போர்டின் தளத்தில் பார்த்தேன், அதே எண்தான் இருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. அந்த எண்ணை எப்படி வரவழைக்கிறார்கள் என்பதில்தான் சூது.

தேர்ச்சி குறைந்தால் போர்டு கல்லூரியின் கழுத்தைப் பிடிக்கும். கலிஃபோர்னியாவில் முதல்முறை எழுதுபவர்களில் 75 சதவீதமாவது தேற வேண்டும். மற்ற பெரும்பாலான மாநிலங்களிலும் இப்படி ஏதாவது வரம்பு உண்டு. கணக்கில் வருவது படித்து முடித்துத் தேர்வு எழுதியவர்கள் மட்டுமே. சந்தேகத்துக்குரியவர்களைப் படிப்பை முடிக்கவே விடாவிட்டால்?

எங்களுக்கு அதுதான் நடந்தது. எல்லாப் பாடங்களிலும் தேறி, கிளினிக்கல் என்னும் நேரடிப் பயிற்சி மணிநேரமும் முடித்த பிறகு, கடைசி செமஸ்டரில் எக்ஸிட் தேர்வு வைத்தார்கள். ஹெசி, ஏடிஐ என்று வெளி நிறுவனங்கள் நடத்தும் தேர்வுகள் இருக்கின்றனவே, அந்த வகை. கட்-ஆஃப் வைப்பது கல்லூரி. நான் சேர்ந்தபோது இருந்த கட்-ஆஃபை நடுவில் ஏற்றிவிட்டார்கள். அதைத் தொடாதவர்களுக்குப் பட்டம் கிடையாது, என்கிளெக்ஸ் எழுதவும் வழி கிடையாது. மறுபடி எழுத வேண்டுமானால் 'ரெமீடியேஷன்' என்னும் மறுபயிற்சி வகுப்பு, அதற்குத் தனிக் கட்டணம். ஒரே ஒரு தேர்வை வைத்துப் பட்டத்தை நிறுத்தக்கூடாது என்று நர்சிங் கல்வியாளர்களின் அமைப்பான நேஷனல் லீக் ஃபார் நர்சிங் 2012-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அது வெறும் வழிகாட்டுதல்தான், யாரையும் கட்டுப்படுத்தாது. எங்கள் பேட்சில் பலர் கடனோடு வீட்டில் இருக்கிறார்கள், நானும்தான்.

ஆகவே தேர்ச்சி விகிதத்தோடு நிற்காதீர்கள். ஒரு பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்க மத்தியக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் படிப்பை முடிப்பவர்களின் விகிதமும் மாணவர்களின் கடன் அளவும் இருக்கும், அதையும் பாருங்கள்.

அப்புறம் 'அக்ரெடிட்டட்' என்ற பேச்சு. கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, நர்சிங் படிப்புக்கே ஏசிஇஎன் போன்ற அமைப்பின் அங்கீகாரம் இருப்பது வேறு. எங்கள் கல்லூரியில் இரண்டாவது இல்லை. அது இல்லாவிட்டால் பிறகு பி.எஸ்.என். என்னும் நர்சிங் இளங்கலைப் படிப்பில் சேரும்போது பல பல்கலைக்கழகங்கள் கிரெடிட்டை ஏற்காது.

கிளினிக்கலுக்குப் பெரிய மருத்துவமனைப் பெயர்களை அடுக்கினார்கள். போனது பெரும்பாலும் முதியோர் இல்லத்துக்கு.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள், நீங்கள் சேர்ந்த வருடத்துக் கேட்டலாகை (கல்லூரியின் விதிகள் உள்ள கையேடு) இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃப் மாறியதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அதுதான். போர்டுக்கு அனுப்பிய புகாரில் அதையும் இணைத்திருக்கிறேன்.