1,340 டாலருக்கு ஓர் இரும்புத்துண்டு: பழைய ரிவால்வரை ஏலத்தில் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சீர்செய்வது, மலையில் எப்படிச் சுமப்பது என்று விரிவாக எழுதித் தருகிறேன் என, இங்கே அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பாய்சியில் எங்களோடு மலையேற வரும் தமிழ் நண்பர்களிடம் போன மாதம் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தக் கட்டுரை இப்போதைக்கு வராது. 1,340 டாலரை ஏமாந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது.

துப்பாக்கி எதற்கு என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். ஐடஹோவில் சாடூத் மலைப்பக்கம் மூன்று நாள் நடந்தால் கறுப்புக் கரடி, மலைச்சிங்கம், மூஸ் என்ற பெரிய மான் எதுவும் எதிர்ப்படலாம். கிழக்கே யெல்லோஸ்டோனை ஒட்டிப் போனால் கிரிஸ்லி கரடியும் உண்டு. கையில் முதலில் இருக்க வேண்டியது கரடி விரட்டும் மிளகாய் ஸ்பிரேதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரிவால்வர் அதற்கு அடுத்தது. ஒவ்வொரு முறையும், தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகே விசையை அழுத்த முடியும் என்பதுதான் சிங்கிள் ஆக்‌ஷன். 1873இல் கோல்ட் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்து கொடுத்த அதே ஏற்பாடு. மெதுவானது, ஆனால் உறுதியானது, கனமான தோட்டாவைத் தாங்கும்.

ரூகர் நிறுவனம் 1955இல் பிளாக்ஹாக் என்ற பெயரில் இந்த வகையை மறுபடி பிரபலமாக்கியது. 1973க்கு முந்தைய பிளாக்ஹாக்குகளின் பக்கவாட்டில் மூன்று திருகுகள் இருக்கும். பழைய மாடல் பிரியர்கள் அந்த மூன்று திருகைப் பார்த்தாலே உருகிப்போவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். சுத்தியை இழுக்கும்போது எழும் ‘கிளிக், கிளிக்’ புதியவற்றில் இல்லை. இந்த உருக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பழைய துப்பாக்கிகளைத் தனியாரிடமிருந்து தனியாருக்கு ஏலம் விடும் இணையதளங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் மூன்று திருகு பிளாக்ஹாக், உள்பாகங்கள் எதுவும் மாற்றப்படாதது, சால்மன் ஊரில் கைதேர்ந்த ஒருவர் சீர்செய்தது, விசை வெண்ணெய் போல் விழும் என்று எழுதியிருந்தது. சால்மன் என்ற பெயரைப் பார்த்ததுமே நான் பாதி விழுந்துவிட்டேன். 44 மேக்னம் தோட்டா பிறக்கக் காரணமாக இருந்த எல்மர் கீத் வாழ்ந்த ஊர் அது. புகைப்படத்தில் பச்சை நிறக் கம்பளித் துணி விரித்த மேஜை, அதன்மேல் ரிவால்வர், பக்கத்தில் தொடையில் உராய்ந்து உராய்ந்து கறுத்த ஒரு தோல் உறை. அந்த உறையைப் பார்த்தால் நாற்பது வருடம் மலையேறிய மனிதர் என்று யாருக்கும் தோன்றும்.

விற்பவரிடம் தொலைபேசியில் பேசினேன். முக்கால் மணி நேரம். எனக்கு 71 வயது, முழங்கால் ஒத்துழைப்பதில்லை, இது அலமாரியில் தூங்குவதைவிட நடக்கிற ஒருவன் கைக்குப் போகட்டும் என்றார். பேச்சுக்குப் பேச்சு ‘மகனே’ என்றார். எந்தப் பாதையில் நடப்பாய், எவ்வளவு எடை சுமப்பாய் என்றெல்லாம் விசாரித்தார். விலையைப் பற்றி அவராக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மனிதர் விலை பேசாமல் முழங்காலைப் பற்றிப் பேசினால் நல்லவர் என்று முடிவு கட்டிவிடும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கடைசியில் போகிற போக்கில், ‘கார்டில் கட்டினால் எனக்குச் செலவு, காசோலையாக வங்கியிலிருந்து எடுத்து அனுப்பினால் 3 சதவீதம் குறைத்துக்கொள்’ என்றார். 40 டாலர் மிச்சம். அந்த 40 டாலரை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பணத்தைத் திரும்பக் கேட்கும் ஒரே வழியையும் அடைத்துக்கொண்டேன். 1,340 டாலர் விலை பேசி 1,300 கட்டினேன். மீதி 40 உரிமம் பெற்ற கடைக்காரர் வாங்கிய 35 டாலர் கட்டணத்திலும் பெட்ரோலிலும் போனது. ஆக 1,340.

வேறு மாநிலத்திலிருந்து வரும் கைத்துப்பாக்கி நேராக வீட்டுக்கு வராது. உரிமம் பெற்ற உள்ளூர்க் கடைக்கு வர வேண்டும். அங்கே 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும். பெட்டி புதன்கிழமை கடைக்கு வந்தது. எனக்குச் சிப் ஆலையில் பகல் ஷிப்ட், சனிக்கிழமைதான் போக முடிந்தது. ஞாயிறு காலை சுடும் மைதானத்தில் ஐந்து முறை சுட்டேன். மூன்றாவது முறை கன்னத்தில் சுரீரென்றது. தோட்டாக்கள் இருக்கும் சுழலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே சீவப்பட்ட ஈயத்துணுக்கு. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

செவ்வாய்க்கிழமை இங்கே துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டு போனேன். சிலிண்டரில் தோட்டா போடும் ஆறு அறைகளையும் வெளிச்சத்துக்குக் காட்டி ஒருமுறை, சுண்டுவிரலை விட்டு ஒருமுறை, காலிதான் என்று உறுதி செய்துகொண்டார். சுத்தியை முழுதாகப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினார். விசைப்பக்கம் அவர் விரலே போகவில்லை. கட்டைவிரலால் சுத்தியின் முதுகை லேசாக முன்னோக்கித் தள்ளினார், கொதிக்கும் பால் பாத்திரத்தின் மூடியை ஒதுக்குவது போல அவ்வளவு மெதுவாக. டக்கென்று விழுந்துவிட்டது. இன்னொரு முறை. மறுபடி டக். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘இதை இடுப்பில் கட்டிக்கொண்டா மலைக்குப் போகப் பார்த்தாய்?’ என்று மட்டும் கேட்டார்.

சீர்செய்தது என்று விளம்பரத்தில் சொன்ன வேலை இதுதான்: சுத்தியை நிறுத்திப்பிடிக்கும் பள்ளத்தைத் தேய்த்துத் தேய்த்து நகக்கண் அளவுக்கு ஆக்கியிருந்தார்கள். பிரதான ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றைக் குறடால் வெட்டி எறிந்திருந்தார்கள். வெட்டிய முனை கோணல்மாணலாக நின்றது. விசை வெண்ணெய் போல் விழாமல் என்ன செய்யும்? சுத்தியை மெதுவாக இழுத்தால் ஆறில் இரண்டு அறைகள் குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ளவே இல்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்துப் பார்த்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 6 வரை இருந்தால் நல்லது. இதில் 12 நுழைந்தது. ‘இதில் எதையும் கண்டுபிடிக்க ஒரு தோட்டாவும் தேவையில்லை, கடையின் மேஜையிலேயே தெரிந்திருக்கும்’ என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று இரவாவது தூங்கியிருப்பேன்.

அன்றே விற்றவருக்கு எழுதினேன். ‘ஐந்து முறை சுட்டுப் பார்த்தேன், பழுதுபார்ப்பவரிடமும் காட்டினேன்’ என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். பதில் இரண்டு வரி: சுட்ட துப்பாக்கியைத் திரும்ப எடுப்பதில்லை, பார்வையிட மூன்று நாள் அவகாசம், அது முடிந்துவிட்டது. மூன்று நாள் எப்படி முடிந்தது? பெட்டி கடைக்கு வந்த புதன்கிழமையிலிருந்து கணக்காம். நான் கையில் வாங்கிய சனிக்கிழமையிலிருந்து இல்லையாம். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவகாசத்தில் பெரும்பகுதி ஓடிவிட்டது. மறுநாள் தொலைபேசியில் பிடித்தேன். ‘மகனே’ காணாமல் போயிருந்தது. பழைய மாடலைப் பழகத் தெரியாதவர்கள் புதியதை வாங்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பாரில்லை.

தளத்தாரிடம் முறையிட்டேன். முதல் பதில் இயந்திரம் அனுப்பியது. இரண்டாவதை மனிதர் எழுதியிருக்கலாம், ஆனால் வாசகம் அதுவேதான்: நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சந்திக்க வைக்கும் இடம் மட்டுமே, உங்களுக்கிடையிலான வியாபாரத்தில் தலையிடுவதில்லை, வேண்டுமானால் விற்பவருக்குக் குறைந்த மதிப்பெண் கொடுங்கள். ஏலத்தில் கமிஷன் எடுக்கும்போது மட்டும் வியாபாரத்தில் தலையிடலாம் போலிருக்கிறது. மதிப்பெண் கொடுத்தேன். அவரும் எனக்குக் கொடுத்தார்: ‘பிரச்சினை செய்பவர்’. நேற்று இரவு பார்க்கிறேன், அதே பச்சைக் கம்பளித் துணியின்மேல் இன்னொரு மூன்று திருகு ரிவால்வர் ஏலத்துக்கு வந்திருக்கிறது. பக்கத்தில் அதே தோல் உறை.

‘1,340 டாலரில் ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாம்’ என்றாள் மனைவி. ஒருமுறைதான் சொன்னாள், அதனால் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வாக்குக் கொடுத்த ஆலோசனையில் இப்போது கைக்கு வருவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடையின் மேஜையிலேயே, காலி என்று இரண்டு முறை உறுதி செய்தபின், சுத்தியை நிறுத்தி முதுகைத் தள்ளிப் பாருங்கள். அசைந்தாலே படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மெதுவாக இழுத்து ஆறு அறைகளும் பூட்டுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘சீர்செய்தது’ என்று எழுதியிருந்தால் யார் செய்தது, ரசீது எங்கே என்று கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் அரத்தால் செய்த வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் விறைத்த விரலுக்கு வெண்ணெய் போன்ற விசை ஆபத்து, யார் புகழ்ந்தாலும். பார்வையிடும் அவகாசம் எந்த நாளிலிருந்து என்பதை எழுத்தில் வாங்குங்கள். காசோலை வேண்டாம், 3 சதவீதம் போனால் போகட்டும்.

பழைய மாடலாக இருந்தால் ஐந்தே தோட்டா. சுத்தி நிற்கும் அறை காலியாக இருக்க வேண்டும். ஆறாவதைப் போட்டுக்கொண்டு கீழே விழுந்தால் அதுவாகவே வெடிக்கலாம். இந்தக் குறையை நீக்கும் பாகத்தை ரூகர் நிறுவனம் இன்றும் இலவசமாகப் பொருத்தித் தந்து பழைய பாகங்களையும் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் என் துப்பாக்கியின் இடைவெளியை அது அடைக்காது. வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள் இந்தப் பக்கமே வருவதற்கு முன் வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள். உங்களுக்குச் சட்டம் வேறு.

உறை பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை இடிக்காமல் இருக்க மார்பில் கட்டும் உறைதான் சரி, மற்றதைப் பிறகு பேசலாம். புதிய சுத்தி, விசை, ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்த்து 410 டாலர் ஆகும் என்று பழுதுபார்ப்பவர் சொல்லியிருக்கிறார். செய்வதா, அப்படியே திருப்பி வாங்கிக்கொள்வதா என்று ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். இப்போது நாலரை.